செய்தியாளர் திரைக்கு வந்த கதை

சம்பவ இடத்தில் மைக்கைப் பிடித்தபடி பேசும் செய்தியாளர் இல்லாத தொலைக்காட்சிச் செய்தியை இன்று கற்பனை செய்வதே கடினம். அமெரிக்க உள்ளூர் நிலையங்களில் இந்த வழக்கம் வேரூன்றிய விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஃபிலடெல்ஃபியா நகரில் டபிள்யூ.சி.ஏ.யூ. நிலையத்தின் ஜான் ஃபசெண்டா, கம்பீரமான தனிக்குரலில் செய்தி வாசித்துப் பெரும் மதிப்புப் பெற்றிருந்தார். செய்தி சேகரித்தவர்களைப் பெரும்பாலும் யாரும் பார்த்ததில்லை. அதே நகரின் கே.ஒய்.டபிள்யூ. நிலையத்தில் செய்தி இயக்குநராக இருந்த அல் பிரிமோ, தொழிற்சங்க ஒப்பந்தத்தைப் படித்தபோது, செய்தியாளர்கள் திரையில் தோன்றினால் அவர்களுக்குத் தனிக் கட்டணம் தர வேண்டியதில்லை என்பதைக் கண்டுகொண்டார். செய்தியாளர்களே திரையில் தோன்றிச் செய்தி சொல்லும், 1965-இல் பிறந்த ‘ஐவிட்னஸ் நியூஸ்’ வடிவத்துக்கு அந்த ஒப்பந்த விதிதான் வழிவிட்டது. 1968-இல் பிரிமோ அதை நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி. நிலையத்துக்கும் கொண்டு சென்றார்.

இந்த மாற்றத்தின் முழு வலிமையும் 1972-இல் தெரிந்தது. அந்நிலையத்தின் இளம் செய்தியாளர் ஜெரால்டோ ரிவேரா, பணிநீக்கம் செய்யப்பட்ட மருத்துவர் ஒருவர் தந்த சாவியுடன், ஸ்டேட்டன் ஐலண்டில் மனவளர்ச்சி குன்றியோருக்காக அரசு நடத்திவந்த வில்லோபுரூக் இல்லத்துக்குள் படக்குழுவோடு நுழைந்தார். ஆடையின்றித் தரையில் கிடந்த குழந்தைகளைப் படச்சுருள் காட்டியது; அவர்களின் ஓலத்தையும் பதிவுசெய்தது. ஆனால் அங்கே வீசிய துர்நாற்றத்தை எப்படி உணர்த்துவது என்று ரிவேராவே பார்வையாளர்களிடம் கேட்டார். நேரில் நின்ற ஒருவரால் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. நிலையத்தில் அமர்ந்து தாளைப் பார்த்து வாசிப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அவரிடமிருந்து அது வந்திருக்காது. பெற்றோர் தொடுத்த வழக்கு 1975-இல் நீதிமன்ற ஒப்பந்தத்தில் முடிந்தது. 1987-இல் இல்லம் மூடப்பட்டது.

இதற்கிடையே, 1970-இல் ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூ.எஃப்.ஐ.எல். நிலையம் ‘ஆக்‌ஷன் நியூஸ்’ என்ற போட்டி வடிவத்தைத் தொடங்கியது. செய்திகள் சுருங்கின, எண்ணிக்கை கூடியது, வேகம் பிடித்தது. சில ஆண்டுகளிலேயே அந்நிலையம் நகரில் முதலிடத்துக்கு வந்தது. பிறகு 1970களின் நடுப்பகுதியில், கழுவிக் காயவைத்து வெட்டி ஒட்ட வேண்டிய 16 மி.மீ. படச்சுருளின் இடத்தைக் கையடக்க வீடியோ கேமரா பிடிக்கத் தொடங்கியதும், நேரலையும் எளிதாயிற்று.

வேகத்தை நான் குறைசொல்லவில்லை. தீயோ வெள்ளமோ என்றால் அது தேவைதான். ஆனால் பரபரவென்று அடுத்த செய்திக்குத் தாவும் அந்த வடிவத்துக்குள் வில்லோபுரூக்கின் வராந்தாக்கள் அடங்கியிருக்காது.