தோண்டிய மண்

ரோட்டில் எங்காவது புதிதாகக் குழி தோண்டி மண் மூடியிருந்தால் அப்பா டி.வி.எஸ். 50-ஐ நிறுத்திவிடுவார். இறங்கி, எதிர்ப்பக்க ஓரமாகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அந்த இடம் தாண்டிய பிறகுதான் மறுபடி ஏறுவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நானும் இறங்கி நடக்க வேண்டும். ஸ்கூலுக்கு லேட்டாகும். ஏன் என்று கேட்டால் பதில் வராது. மறுபடி கேட்டால் அடி விழும். டெலிபோன் கேபிள் புதைக்க ஆட்கள் ஊருக்குள் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். வேலூர் மாவட்டத்தில் தெருவுக்கு நாலைந்து மிலிட்டரி வீடு இருக்கும். அதனால் அப்பாவின் கோபத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மிலிட்டரிக்காரர், அப்படித்தான் இருப்பார்" என்று பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைத் தேற்றுவார். ராத்திரி அலறிக்கொண்டு எழுந்தால் முனி அடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்தார்கள். கேன்டீன் ரம் உள்ளே போனால் தூங்கிவிடுவார் என்பதால் வீட்டில் அதையும் தடுக்கவில்லை. முப்பது வருடம் நாங்கள் அதையெல்லாம் அவருடைய குணம் என்றே நினைத்தோம்.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ். ராணுவத்தில் இவர்களைத் 'தம்பிகள்' என்பார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதிப் படை என்று போனவர்கள் அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கினார்கள். 1990 மார்ச்சில் திரும்பி வரும்வரை அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே சண்டையில் செத்துப்போன ஈழத்துப் பொதுமக்களையும் சொல்லாமல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் கதையில் அவர்களும் இருக்கிறார்கள்.

1988-இல் வவுனியா பக்கம் ஒரு காலை, ரோடு ஓப்பனிங். வண்டிகள் போவதற்கு முன் பாதையில் வெடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கிற வேலை. பார்த்து முடித்த பாதைதான். கல்வெர்ட்டுக்கு, அதாவது ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சின்னப் பாலத்துக்கு, பக்கத்தில் மண் கொஞ்சம் புதிதாக இருந்ததாம். முன்னால் போன வண்டி அதன் மேல் ஏறியது. அப்பா இருபதடி பின்னால் நின்றிருந்தார். தூக்கி எறியப்பட்டு எழுந்தபோது முழங்கையில் சிராய்ப்பு, காதில் வண்டு குடைகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். எம்.ஐ. ரூமில், அதாவது படையின் மருத்துவ அறையில், மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த வண்டுச் சத்தம் இன்றும் அவர் காதில் இருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது 2019-இல்தான். அதற்கு முன் இரண்டு வருடம் நான் அவரோடு பேசவே இல்லை. என் பெண்ணின் பிறந்தநாளில் பலூன் வெடித்ததற்குக் கேக் இருந்த மேசையைப் புரட்டிவிட்டார், குழந்தை மிரண்டு போனாள். அதற்குப் பிறகு பாத்ரூமில் மயங்கி விழுந்து கைகால் வெட்டி இழுத்தபோதுதான் ஓடினேன். ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பியல் டாக்டர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, "சார், நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அப்பா சொன்னார். "குண்டுவெடிப்பு எத்தனை தடவை பக்கத்துல பார்த்திருப்பீங்க?"

அப்பா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை போதவில்லை.

டாக்டர் எனக்கு விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். மூளை மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிறது. வெடி வெடிக்கும்போது ஒலியைவிட வேகமாக ஒரு அழுத்த அலை கிளம்பும். அது உடம்புக்குள் ஊடுருவிப் போகும். கீழே விழும்போது மூளையும் உள்ளே குலுங்கும். அதில் நூல் போன்ற நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகலாம். வெளியே ரத்தம் இருக்காது, சாதாரண ஸ்கேனிலும் பல சமயம் ஒன்றும் தெரியாது. தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் தாங்காமை, வார்த்தை மறந்துபோவது, பொசுக்கென்று வரும் கோபம் எல்லாம் அதனால் வரலாம். சிலருக்குப் பின்னாளில் வலிப்பும் வரும்.

அதே நாளில் மனதுக்குள் இன்னொரு காயம். கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்தை நினைவூட்டும் எதையும் ஒதுக்கிவிட்டு நடப்பது. இதற்குப் பெயர் பி.டி.எஸ்.டி., பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனநோய். தூக்கமின்மை, எரிச்சல், கவனம் சிதறுவது இரண்டிலும் வரும். அதனால் எது எந்தக் காயத்தால் வந்தது என்று பிரிப்பது டாக்டர்களுக்கே கஷ்டம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. குடி இரண்டையுமே மோசமாக்கும் என்றார். அம்மா அப்போது என் முகத்தைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

ஞாபகச் சோதனைக்கு ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அப்பாவால் இரண்டுதான் முடிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் யாரும் கேட்காமலே, முன்னால் போன அந்த வண்டியில் இருந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊரையும் சொன்னார். ஒருவருக்குப் பிறந்து நாற்பது நாளான குழந்தை இருந்ததையும் சொன்னார்.

இது இன்று நேற்று வந்த விஷயமும் இல்லை. முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்' என்ற பெயரை 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதினார். அது மூளையில் விழுந்த அடியா, மனதில் விழுந்த அடியா என்று அன்றே விவாதம். விவாதம் ஒருபக்கம் நடக்க, பயந்து ஓடினார்கள், கோழைகள் என்று சொல்லி பிரிட்டன் தன் சிப்பாய்களையே சுட்டது. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு கிடைத்தது 2006-இல். பி.டி.எஸ்.டி. என்ற பெயர் மருத்துவக் கையேட்டில் ஏறியதே 1980-இல்தான். 2020 ஜனவரியில் ஈராக்கின் அல் அசாத் தளத்தை ஈரான் ஏவுகணைகளால் தாக்கியபோது, அமெரிக்கத் தரப்பில் யாருக்கும் காயமில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். ஒன்றிரண்டு மாதத்துக்குள் நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூளைக்காயம் என்று கண்டறியப்பட்டது. அத்தனை வசதி இருக்கிற படைக்கே இந்தக் கதி என்றால், 1988-இல் ஒரு சாப்பரின் காதுக்குள் கேட்ட வண்டை யார் குறித்து வைத்திருப்பார்கள்?

அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் அந்த வெடிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊனமுற்றோர் பென்ஷனுக்கு எழுதிப்போட்டபோது எல்லோரும் கேட்டது அந்த ஒரு வரியைத்தான். அலைச்சலை எழுதினால் பதிவு நீளும், விடுகிறேன். ஆனால் இதைப் படிப்பவர் வீட்டில் எக்ஸ்-சர்வீஸ்மேன் யாராவது இருந்தால் ஒரு தீர்ப்பைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம், தரம்வீர் சிங் வழக்கு. வலிப்பு நோயால் ராணுவத்தை விட்டு அனுப்பப்பட்ட சிப்பாய் அவர். வேலைக்குச் சேரும்போது இருந்ததாகப் பதிவாகாத நோய் பிறகு வந்து, அதனால் வெளியே அனுப்பப்பட்டால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு அரசுத் தரப்புக்குத்தான் என்று நீதிமன்றம் சொன்னது. எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. அப்பாவுக்கு வலிப்பு வந்தது ரிட்டயர் ஆன பிறகு, அதனால் எங்கள் வழக்கு இன்னும் இழுக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் கையில் இருக்கட்டும், அரசின் மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ராணுவத்தினருக்கென்றே அதில் தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புனேயில் தொடங்கியிருக்கிறார்கள்.

மனநல மருத்துவரிடம் அப்பா ஆறு மாதம் போய் உட்கார்ந்துவிட்டு மட்டும் வந்தார். ஏழாவது மாதம் பேசினார். வெடிப்பைப் பற்றி ஏதோ சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது அன்று மத்தியானம் நடந்த தேடுதலைப் பற்றி. துணைக்கு வந்த காலாட்படையில் யாருக்கும் தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க அப்பாவைக் கூட்டிப்போனார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு வயதான அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "தம்பி, உங்களுக்குத் தமிழ் விளங்கும்தானே, நீங்களாவது சொல்லுங்கோ."

அதற்கு மேல் அப்பா சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நான் ஆட்டோவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் அந்தக் கையைப் பார்த்து எத்தனை நாள் நடுங்கியிருக்கிறேன்.

இப்போது மாத்திரை உண்டு, கடைசியாக வலிப்பு வந்து மூன்று வருடம் ஆகிறது. குடியை விட்டுவிட்டார். கோபம் வரும்போது எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார், நாங்களும் பின்னால் போவதில்லை. வெளிச்சம் ஆகாத நாட்களில் அம்மா ஜன்னலில் போர்வையைக் கட்டிவிடுகிறார். கனவு மட்டும் போகவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் குடிநீர் பைப் புதைத்தார்கள். வாசலை ஒட்டி நீளமாகத் தோண்டி, மண்ணை லேசாகத் தள்ளி மூடிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். அப்பா பால் பாத்திரத்தோடு கேட்டிலேயே நின்றார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று போவதற்குள், அவரே அந்த வேலைக்காரப் பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கு இப்படி மண் கிடந்தா ஆகாதுப்பா. சிலோன்ல கண்ணிவெடி எடுத்தவன் நான். கொஞ்சம் கெட்டிச்சுக் குடுத்துட்டுப் போறியா?"

பையன் அவரை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, திம்ஸ் கட்டையை எடுத்துவந்து தெருமுனைவரை இடித்துக் கொடுத்தான். அப்பா கடைசிவரை நின்று பார்த்துவிட்டு, எதிர்ப்பக்க ஓரமாகச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போனார்.