தைப்பூச நெரிசலும் வார்ட்ராப் சமநிலையும்

காரைக்குடியிலிருந்து மதுரைக்குத் திருப்பத்தூர், மேலூர் வழியாகவும் போகலாம், சிவகங்கை வழியாகவும் போகலாம். தைப்பூசத்தையொட்டிப் பழநிக்கு நடந்து செல்லும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடிப் பக்கம் சாலையை நிறைக்கும் நாள்களில், எந்த வழி விரைவானது என்று எங்கள் வீட்டு முகப்பில் ஒரு வழக்காடு மன்றமே நடக்கும். ஆனால் எல்லோரும் சிவகங்கைப் பக்கம் திரும்பினால் அந்தச் சாலையும் மெதுவாகிவிடும் அல்லவா?

அவரவர் வழியை மாற்றி மாற்றிப் பார்த்து, இனி எவரும் தனியாக வழி மாறி நேரத்தை மிச்சப்படுத்த இயலாது என்று வந்து நிற்கும் நிலையை 1952இல் போக்குவரத்து ஆய்வாளர் ஜான் வார்ட்ராப் சமநிலையாக வரையறுத்தார். அப்போது பயன்பாட்டிலுள்ள வழிகள் அனைத்திலும் ஒரே அளவு நேரமே பிடிக்கும். ஒவ்வொரு சாலையின் பயண நேரச் சார்பையும் சுழியிலிருந்து அதன் போக்குவரத்து அளவு வரை தொகையீடு செய்து, அவற்றின் கூட்டுத்தொகையைச் சிறுமமாக்கினால் இச்சமநிலை கிடைக்கும் என்று பெக்மன், மக்குவைர், வின்ஸ்டென் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 1956இல் காட்டினர். (எல்லா வாகனங்களின் மொத்த நேரத்தைச் சிறுமமாக்குவது வேறு கணக்கு, நான் முதலில் இரண்டையும் குழப்பிக்கொண்டேன்.)

சமநிலைக்கான அந்தச் சிறுமமாக்கல் கணக்கைத் தீர்க்க, அதே 1956இல் வெளிவந்த, படிப்படியாக விடையைத் தேடும் ஃபிராங்க்–உல்ஃப் முறை பின்னர் கைகொடுத்தது. இப்போதைய நேரங்களை வைத்து அனைவரையும் மிக விரைவான வழியில் ஏற்றிப் பார்த்து, அந்த வாகனப் பங்கீட்டுக்கும் பழைய பங்கீட்டுக்கும் இடையில் அக்கூட்டுத்தொகை மிகக் குறையும் புள்ளிக்கு நகர்ந்து, நேரங்களை மீண்டும் கணக்கிட வேண்டும். தொடக்கத்தில் பாய்ந்து செல்லும் இம்முறை, விடையை நெருங்கியதும் நொண்டத் தொடங்குகிறது.