தலாஸில் இரண்டு முறை கேட்ட பாட்டு

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் டாலரை மாற்றியதும் கைக்கு வந்த 500 சோம் நோட்டில் ஒரு பெரியவர் படம். அரசரா, தளபதியா என்று கேட்டேன். "இல்லண்ணா, பாட்டுக்காரர்" என்றான் கூட வந்த தம்பி. திண்டுக்கல்காரன், அங்கே மருத்துவம் படிக்கிறான், ரஷ்ய மொழி நன்றாகப் பேசுவான். படத்தில் இருந்தவர் சயக்பாய் கரலாயெவ் (1894–1971). அவர் பாடப் பாட மற்றவர்கள் எழுதி எடுத்த, மனாஸ் என்ற கிர்கிஸ் வீரனின் கதையான மனாஸ் காவியம் ஐந்து லட்சம் அடிகளைத் தாண்டுகிறது. மகாபாரதத்தின் ஒரு லட்சம் சுலோகங்களை இரண்டு லட்சம் அடிகள் என்று வைத்துக்கொண்டால், அதைப் போல இரண்டரை மடங்கு. நோட்டைத் திருப்பினால் மனாஸின் கல்லறை. சரி, அதையே பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலை, அது இருக்கும் தலாஸுக்கு ஷேர் டாக்சி பிடித்தோம்.

வழியில் தோ-அஷூ. ஒட்டகக் கணவாய் என்று அர்த்தமாம். 3,000 மீட்டருக்கு மேலே இருக்கும் சுரங்கப்பாதையில் நுழைந்து வெளியே வந்தால், சூசமிர் பள்ளத்தாக்கு பச்சையாக விரிந்து கிடக்கிறது. ஜூன் மாதம். குதிரை மந்தைகள், வெள்ளைக் கூடாரங்கள், சாலையோரத்தில் கிமிஸ் விற்கும் பெண்கள். கிமிஸ் என்பது புளிக்கவைத்த குதிரைப்பால். புளித்த மோரில் அடுப்புப் புகையைக் கலந்த மாதிரி இருந்தது. முதல் வாய்க்கு முகம் சுளித்தேன், கிண்ணம் காலியானதும் இன்னொன்று கேட்டேன். குருத் என்ற உப்புத் தயிர் உருண்டையோடு மட்டும் என்னால் சமாதானம் ஆக முடியவில்லை. மோர்மிளகாயிலிருந்து மிளகாயை எடுத்துவிட்டுக் கல்லாக இறுக்கினால் அதுதான்.

கல்லறையை கும்பெஸ் என்கிறார்கள். பாரசீகத்திலிருந்து வந்த சொல், நம் கும்மட்டத்துக்கு உறவு. 1334-இல் கட்டியது என்கிறார்கள். பெரிய கட்டடம் இல்லை, ஆனால் முகப்பில் இருக்கும் சுடுமண் வேலைப்பாட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அங்குள்ள கல்வெட்டு மனாஸைப் பற்றிச் சொல்லவே இல்லை. அபுகா என்ற அமீரின் மகள் கெனிசெக் காதூன் இங்கே உறங்குகிறாள் என்கிறது. வரலாற்றாசிரியர்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. மக்களிடம் வேறு கதை இருக்கிறது. எதிரிகள் கல்லறையைத் தோண்டிவிடக் கூடாது என்று மனாஸின் மனைவி கானிகேய்தான் வேண்டுமென்றே பொய்ப் பெயரைப் பொறிக்கச் சொன்னாளாம். கல்லில் இருப்பது பொய், பாட்டில் இருப்பதுதான் நிஜம்! ஊரே இப்படி நம்புவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

கதை மூன்று தலைமுறைக்கு நீள்கிறது: மனாஸ், மகன் செமெதெய், பேரன் செய்தெக். சிதறிக் கிடந்த கிர்கிஸ் குலங்களை மனாஸ் ஒன்று சேர்க்கிறான். நாற்பது தோழர்கள், அக்-கூலா என்ற குதிரை, ஓயாத போர். இதைப் பாடுகிறவர் மனாஸ்சி. கொமுஸ் என்ற மூன்று தந்தி வாத்தியம் அவர்களிடம் உண்டு, ஆனால் மனாஸ் பாடும்போது அதைத் தொடுவதில்லை. குரலும் கையும் மட்டும்தான். கனவில் மனாஸோ அவன் தோழர்களோ வந்து "பாடு" என்று கட்டளையிட்டால்தான் ஒருவர் மனாஸ்சி ஆவார் என்பது நம்பிக்கை.

நாங்கள் கேட்டது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு இளைஞனிடம். வெள்ளைக் கல்பக் தொப்பி, கீழே ஜீன்ஸ். காலை மடித்து உட்கார்ந்தவன் மெதுவாகத்தான் ஆரம்பித்தான். அப்புறம் குரல் குதிரை ஓட்டமாகிவிட்டது, கண் எங்கேயோ போய்விட்டது. ஏழெட்டு அசைகளில் சின்னச் சின்ன அடிகள். மொழி புரியாவிட்டாலும் ஒன்று காதில் பட்டது: அடுத்தடுத்த அடிகள் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. அட, மோனை!

பதினோரு நிமிடம் போனில் பதிவு செய்தேன். போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி காற்று இரைச்சல். சுவர் ஓரமாக உட்கார்ந்து அதே பகுதியை மறுபடி பாட முடியுமா என்று தம்பியை விட்டுக் கேட்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பாடினான். இந்த முறை பதினாறு நிமிடம். முதல் தடவை என் காதில் விழாத அக்-கூலா இப்போது நாலைந்து தடவை வந்தது.

சகிம்பாய் ஒரோஸ்பகோவ் என்ற இன்னொரு மனாஸ்சியிடமிருந்து 1922 முதல் 1926 வரை எழுதி எடுத்தது சுமார் 1,80,000 அடி, மனாஸின் பகுதி மட்டும். சீனாவின் சின்ஜியாங்கில் வாழ்ந்த ஜூசுப் மமாய் எட்டுத் தலைமுறைக் கதை பாடினார். 2009-இல் சீனாவின் பெயரில் மனாஸ் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது கிர்கிஸ்தானில் வருத்தப்பட்டார்கள். 2013-இல் அவர்களுடைய மூன்று காவியங்களும் ஏறின. இதில் எது மூலம் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

அந்த இளைஞனிடமே கேட்டேன், இரண்டாவது தடவை ஏன் மாற்றிப் பாடினாய் என்று. தம்பி மொழிபெயர்த்ததும் அவன் முகத்தில் உண்மையான குழப்பம்.

"மாற்றவில்லையே. அதையேதான் பாடினேன்."