அம்மாவிடம் கேட்டார்களா?

உயர்தரப் பிள்ளைகளுக்குப் பொது ஆங்கிலம் படிப்பிப்பது லேசான வேலை இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு அந்தப் புள்ளி கணக்கில் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் நான் படிப்பிக்கும் வகுப்பில் கதைகளும் வாசிப்போம். இந்தத் தவணை எடுத்தவை, இரத்தக் காட்டேறிகளோடு சண்டை பிடிக்கும் பெண்களின் கதைகள்.

1997 முதல் 2003 வரை ஓடிய ‘பஃபி த வம்பயர் ஸ்லேயர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து கிளைத்தவை அவை. காட்டேறிகளை அழிக்கத் தெரிவாகிறவள் ஒரு காலத்துக்கு ஒருத்திதான். அவள் செத்தால் சக்தி இன்னொருத்தியில் இறங்கும். அவளைப் பழக்க ஒரு கண்காணிப்பாளர் வருவார். 1900இல் சீனாவில் பொக்சர் கிளர்ச்சிக்கு நடுவே ஒருத்தி, 1977இல் நியூயோர்க் சுரங்க ரயிலில் சின்ன மகனுக்குத் தாயான ஒருத்தி. இரண்டு பேரையும் ஒரே காட்டேறிதான் கொல்கிறது.

முடிவு முதலே தெரிந்த கதையில் சண்டையை நம்பிப் பயனில்லை. அழைப்பு வருமுன் அவள் யாராக இருந்தாள் என்று சொன்ன கதைகள்தான் பிள்ளைகளைப் பிடித்தன. தொடரில் வரும் கெண்ட்ராவைப் பெற்றோர் சிறுவயதிலேயே கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிடுகிறார்கள்; அவளுக்கு அவர்களை நினைவே இல்லை. அதைச் சொன்னதும் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: “அவட அம்மாட்ட ஆரும் கேட்டாங்களா மிஸ்?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. யுத்த நாட்களில் இயக்கத்துக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு ஆட்கள் வந்த காலம் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுடைய அம்மாமாருக்குத் தெரியும். பொம்பிளைப் பிள்ளைகளை அவசரமாகக் கல்யாணம் கட்டிக் கொடுத்த வீடுகளும், சொந்தக்காரர் வீட்டில் ஒளித்து வைத்த வீடுகளும் இங்கே உண்டு. தெரிவு செய்யப்பட்டவள் என்பதைப் பெருமையாக மட்டும் படிப்பிக்க என்னால் முடியாது.

சரி, நீங்களே ஒரு கதை எழுதுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை எழுதியது 1638இல், ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த நாட்களில் நடக்கிறது. அவளுடைய கதாநாயகி, கோட்டை இருக்கும் புளியந்தீவுக்காரி. ஆயுதம், உடைந்த உலக்கையைச் சீவிய கூர். கண்காணிப்பாளர் படலையில் வந்து நிற்கிறார். தாய் பாய் இழைத்தபடியே கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள்: எத்தனை பேரை இப்படிக் கூட்டிப் போனாய், எத்தனை பேர் திரும்பினார்கள். அழைக்காத வீட்டுக்குள் காட்டேறி நுழைய முடியாது என்பது அந்தக் கதைகளின் விதி. அதை அவள் கண்காணிப்பாளருக்கும் பொருத்தியிருந்தாள். தாய் கடைசிவரை “உள்ள வா” என்று சொல்லவேயில்லை. படிப்பிக்க வந்த நாளிலிருந்து இப்படி ஒரு கதையை நான் திருத்தியதில்லை.

“அப்ப ஊர ஆரு காக்கிற?” என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். தொடரின் கடைசியில் அந்தச் சக்தி ஒருத்தியிடம் நிற்காமல், தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறது என்றேன். எழுதியவள் விடவில்லை. “பக்கத்தில நிண்டவங்களுக்குச் சொன்னாங்க. தூரத்தில இருந்த புள்ளைகள்ட்ட கேட்டாங்களா மிஸ்?”

கேட்கவில்லை. அடுத்த கிழமைக்கு அதையே எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.