15-க்கும் 22-க்கும் இடையில்

செப்டம்பர் 4, 2025, வியாழன்
தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இனி இல்லையாம், 22 முதல். செய்தித்தாளில் முதலில் பார்த்தவர் அப்பச்சிதான் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). எங்கள் பாலிசி 15ஆம் தேதி முடிகிறது. பிரீமியம் 52,000, வரி 9,360. "ஏழு நாள்தானே, பொறுத்துக் கட்டு" என்கிறார். பர்மாவில் வட்டிக்குக் கொடுத்தவர்களின் பேரன்.

செப்டம்பர் 6
பழக்கத்தில் பழைய டாக்டரின் கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டேன். ஷட்டரில் பூட்டு.

செப்டம்பர் 8, திங்கள்
சந்தைக் கூட்டத்தில் ஏஜெண்ட் அகப்பட்டார். 30 நாள் சலுகைக் காலம் உண்டு, அதற்குள் கட்டினால் தொடர்ச்சி அறாது என்றார். கட்டாத நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்? மூன்றாம் முறை கேட்டபோதுதான், "வராது" என்றார்.

செப்டம்பர் 10
ஜூனிலிருந்து இது நான்காவது டாக்டர். "சர்க்கரை எத்தனை வருடமாக?" அப்பச்சி ஐந்து என்றார், நான் பத்து என்றேன். அவர் இருவரையும் பார்த்துவிட்டு எட்டு என்று எழுதிக்கொண்டார். எட்டு என்றால் 2017. பாலிசி எடுத்தது 2020. அந்தப் படிவத்தில் சர்க்கரைக் கட்டத்தில் என்ன குறித்தோம்? நிரப்பியவர் ஏஜெண்ட், கையெழுத்து மட்டும் அப்பச்சி. பாலிசிக்குத் தொடர்ந்து 60 மாதம் நிறைந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயை மறைத்ததாகச் சொல்லிக் கம்பெனி பணம் தர மறுக்க முடியாது. 15ஆம் தேதியோடு 60 நிறைகிறது. அந்த எட்டு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பழைய டாக்டர் இதையெல்லாம் கேட்கமாட்டார். முகத்தைப் பார்த்ததும், "நேற்று எந்த வீட்டு விசேஷம்? கந்தரப்பம் எத்தனை?" என்பார். ஒன்றையும் எழுதி வைக்கவில்லை, பாவி மனிதர்.

செப்டம்பர் 12
முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். எட்டுப் பங்காளிகளுக்குப் பொதுவான, இரண்டாம் கட்டு ஒழுகும் இந்த வீட்டின் முகப்பைப் பார்த்தால் யார் சான்று தருவார்கள்?

செப்டம்பர் 15
கட்டவில்லை. அப்பச்சி ஜெயித்தார்.

செப்டம்பர் 17
விடியற்காலை மூன்று மணி. பட்டாலையில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். சர்க்கரை 58. சீனித் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் முதல் வார்த்தை: "ஆஸ்பத்திரி வேண்டாம். இருபத்திரண்டு வரட்டும்."

செப்டம்பர் 18
மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரை கொண்டுவரும் பெண் வந்தாள். பிரஷர் பார்த்துவிட்டு, "போன மாதம் இந்த வீக்கம் இல்லையே, ஐயா" என்றாள். போன மாதத்தை நினைவு வைத்திருக்கிற ஒரே ஆள்.

செப்டம்பர் 19
வலது காலும் வீங்கிவிட்டது. அவரிடம் சொல்லாமல் 61,360 கட்டினேன். ரசீது மஞ்சள் பைக்கு அடியில்.

செப்டம்பர் 21, அமாவாசை
காசோலைப் புத்தகத்தை எடுத்து, நாளைய தேதியைப் போட்டு வைத்திருக்கிறார். 52,000.