மஃப்ளருக்குப் பதிலாக: ஒரு குரோஷா நாட்குறிப்பு

டிசம்பர் 1

அண்ணனின் மஃப்ளர் முனை இன்று விடியற்காலையில் மொபெட்டின் பின்சக்கரக் கம்பியில் சுற்றிக்கொண்டது. சிங்கம்பட்டி விலக்கில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்ததால் கழுத்தில் சிவந்த கோடு ஒன்றோடு போயிற்று. பால் கேன் கவிழவில்லை என்பதைத்தான் அண்ணன் முதலில் சொன்னான். கழுத்து விஷயம் மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திருநெல்வேலிச் சீமையில் குளிரா என்று ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். பாளையங்கோட்டையில் டிசம்பர் மாத விடியற்காலைகூட 22 டிகிரி அளவில்தான் இருக்கும், உண்மை. ஆனால் அவர்கள் நான்கு மணிக்கு மணிமுத்தாறு பக்கத்திலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு மொபெட்டில் வந்து பார்க்கவேண்டும். இரவெல்லாம் மலையிலிருந்து காற்று இறங்குகிறது. இரண்டு பக்கமும் பிசானப் பருவ நெல் நாற்று நட்ட வயல்களில் தண்ணீர் நிற்கிறது. வண்டி நாற்பதில் போனால் அதே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று கழுத்தில் அறைகிறது. இரவு மழை பெய்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

மஃப்ளரின் குற்றமே அதன் வால்தான். வாலில்லாமல், கழுத்தோடு நின்று, பட்டன் போட்டு மூடுகிற மாதிரி ஒன்றைக் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், பின்னித் தருகிறேன் என்று மதினியிடம் சொல்லிவிட்டேன். அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 2

அளவெடுத்தேன். கழுத்துச் சுற்று 38 செ.மீ. சட்டைக் காலருக்கு மேல் வரவேண்டும், தலையைத் திருப்பிப் பின்னால் வரும் லாரியைப் பார்க்கவும் முடியவேண்டும். அதற்காக 8 செ.மீ. தளர்வு. பட்டன் போட ஒன்றன்மேல் ஒன்று ஏற 5 செ.மீ. ஆக நீளம் 51. உயரம் 17 போதும். அதற்கு மேல் போனால் ஹெல்மெட்டோடு சண்டை வரும்.

கழுத்து வலிக்கு டாக்டர் போடச் சொல்கிற பட்டை மாதிரி இருக்குமா என்று அண்ணன் கேட்டான். சொசைட்டியில் பால் ஊற்றுகிற பத்துப் பேரும் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்களாம். அது விறைப்பாக நிற்கும், இது தொய்ந்து விழும் என்று சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உருப்படியாகச் சொன்னான். பட்டன் முன்பக்கம் வேண்டாம், ஹெல்மெட் வார் தாடைக்குக் கீழேதான் மாட்டுகிறது என்று. ஆகவே பட்டன் இடது தோளுக்கு மேலே வரும்.

டிசம்பர் 4

நூல் வாங்க செங்கோட்டை பாசஞ்சரில் நெல்லை டவுனுக்குப் போனேன். ரத வீதியை ஒட்டிய ஃபேன்ஸி கடையில் உல்லன் நூல் இருந்தது. வாசல் தோரணத்துக்கும் பச்சைக் குழந்தைகளின் குல்லாவுக்கும் வாங்குகிறவர்களுக்காக வைத்திருக்கிற நூல், மிட்டாய் நிறங்கள். ஐம்பது வயது ஆளின் கழுத்துக்கு என்றதும் கடைக்காரர் உள்ளே போய் வேறு பெட்டியைக் கொண்டுவந்தார்.

ஆட்டு ரோமக் கம்பளிதான் இந்த வேலைக்கு முதல் தரம். ஈரமானாலும் சூடு விடாது. ஆனால் விலை அதிகம், மட்டமான கம்பளி என்றால் சவரம் செய்த கழுத்தில் அரிக்கும். வெறும் பருத்தி பனியைக் குடித்துக் கனத்துவிடும், காயவும் மாட்டாது. வெறும் அக்ரிலிக் தண்ணீர் குடிக்காது, உடனே உலர்ந்துவிடும். ஆனால் ஏழு மணிக்கு வெயில் ஏறியதும் உள்ளே வேர்த்துக் கொட்டும். எட்டு மணிக்கு மின்விசிறி போடுகிற ஊரில் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும். கடைசியில் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த மில்க் காட்டன், 50 கிராம் உருண்டை நான்கு. மெல்லிய நூல் என்பதால் இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னுவேன், ஊசி 5 மி.மீ.

நிறத்தில் மதினிக்கும் எனக்கும் போனிலேயே தகராறு. அழுக்குத் தெரியாத காப்பிக்கொட்டை நிறம் அவள் கட்சி. இருட்டில் போகிறவனுக்கு எதிரே வருகிற வண்டியின் வெளிச்சத்தில் தெரிகிற நிறம் என் கட்சி. கடுகு மஞ்சள் வாங்கிவிட்டேன். துவைப்பது அவள்தானே என்றாள். அதுவும் நியாயம்தான், ஆனால் நூல் அதற்குள் பைக்குள் போய்விட்டது.

டிசம்பர் 5

மாதிரித் துண்டு பின்னினேன். பலர் இதைத் தண்ட வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே ஊசியும் ஒரே நூலும் இருந்தாலும் ஒருத்தி இறுக்கிப் பிடிப்பாள், இன்னொருத்தி தளர விடுவாள். புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணிக்கை எழுதியவளின் கைக்கு உரியது. என் கைக்கு 10 செ.மீ. அகலத்தில் 15 கண்ணி (ஊசியால் போடுகிற ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி), 10 செ.மீ. உயரத்தில் 12 வரிசை வருகிறது. 17 செ.மீ.க்கு 26 கண்ணி, 51 செ.மீ.க்கு 61 வரிசை.

பின்னலில் மூன்று வகை போட்டுப் பார்த்தேன். சிங்கிள் குரோஷே அட்டைபோல் விறைக்கிறது, அண்ணன் பயந்த டாக்டர் பட்டை அதுதான். டபுள் குரோஷே அழகாகத் தொய்கிறது, ஆனால் தூண்களுக்கு நடுவே விரல் நுழைகிற சந்து. காற்றுக்குக் கதவு திறந்துவைப்பதற்கு எதற்குப் பின்னவேண்டும்? நடுவில் நிற்பது ஹாஃப் டபுள். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணிக்குள் விட்டு இழுத்தால் ஊசியில் மூன்று வளையம் இருக்கும். மூன்றையும் ஒரே இழுப்பில் கடத்தவேண்டும். சந்தும் இல்லை, விறைப்பும் இல்லை.

டிசம்பர் 8

ஒவ்வொரு கண்ணிக்கும் தலையில் முன்னும் பின்னுமாக இரண்டு இழை தெரியும். வழக்கமாக இரண்டுக்கும் கீழே ஊசியை விடுவோம். இதில் பின் இழையில் மட்டும் விடுகிறேன். விட்டுப்போன முன் இழை வரிசைக்கு வரிசை மேலெழும்பி, துணி வரி வரியாக மடிந்து நிற்கிறது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. கழுத்தைச் சுற்றி நீளவேண்டும் என்பதால் உயரப் பக்கமாக 26 கண்ணிக்கு வேண்டிய சங்கிலி போட்டு, அங்கிருந்து நீளத்தை வளர்த்துப் போகிறேன். குறுக்கே பின்னினால் நீட்சி தப்பான திசையில் போய்விடும்.

வரிசை முடிவில் எண்ணுவது ஒன்றுதான் எரிச்சல். கடைசிக் கண்ணி, அடுத்த வரிசைக்குத் திரும்பப் போடுகிற சங்கிலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அதை விட்டால் ஓரம் சரிந்து, துணி முக்கோணமாகப் போகும். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் சிவப்பு நூல் துண்டு ஒன்றைக் கோத்துவைத்திருக்கிறேன்.

மழை. கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. வரிகள் கைக்கே தெரிவதால் இருட்டிலும் பின்னல் ஓடியது.

டிசம்பர் 11

ஆச்சி பார்த்துவிட்டாள். 5 மி.மீ. ஊசியைக் கையில் வாங்கி, இதில் விலாங்கு மீன் பிடிக்கலாமே என்றாள்.

ஆச்சிக்குப் பிறந்த ஊர் இடையன்குடி. கால்டுவெல் 1841-இல் அங்கே வந்து தங்கினார். அவர் மனைவி எலைசா அம்மையார் ஊர்ப் பெண்களுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். எலைசாவின் தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் அதே வேலையைத் தொடங்கியவர். தாய் ஓர் ஊர், மகள் ஓர் ஊர் என்று தெற்கே பெண்கள் கைக்குக் கூலி கிடைத்த கதை அது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நூலைப் பற்றியும் இரண்டு வரி பேசலாம். அந்த லேஸ் குரோஷா அல்ல. திண்டுமேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளான பாபின்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஆச்சி அதையும் பார்த்திருக்கிறாள், குரோஷாவில் மேசை விரிப்பும் போட்டிருக்கிறாள். அவளுடைய எஃகு ஊசி இன்னும் இருக்கிறது, நுனிக் கொக்கி கண்ணில் படுவதே கஷ்டம்.

ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நேராக இருக்கிறது என்றாள். அவ்வளவுதான் சொல்வாள்.

டிசம்பர் 14

பாதிக்கு மேல் வந்துவிட்டது. அண்ணன் கழுத்தில் சுற்றி, குண்டூசி குத்திப் பார்த்தோம். ஹெல்மெட்டையும் போடச் சொன்னேன். கீழ்த்தாடை வரை வருகிறது. மேல் விளிம்பை ஒரு விரல் அகலம் மடித்துவிட்டால் வாருக்கு இடம் கிடைக்கிறது, பனி கொட்டினால் மடிப்பை ஏற்றி மூக்கு வரை இழுக்கலாம். கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்துக்கொண்டான். வாயால் எதுவும் சொல்லவில்லை.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கிற நேரத்தில் அண்ணனின் வண்டிச் சத்தமும் கேட்டது. கழுத்தில் பழைய மஃப்ளர்தான், வாலைச் சட்டைக்குள் செருகியிருந்தான்.

பட்டன் துளைகள் இன்று முடிந்தன. 26 கண்ணியில் ஐந்து பின்னி, இரண்டு சங்கிலி போட்டு இரண்டு கண்ணியைத் தாண்டி, மறுபடி ஐந்து. இப்படியே மூன்று துளை, கடைசியில் ஐந்து. கூட்டிப் பார்த்தால் சரியாக 26. அடுத்த வரிசையில் அந்தச் சங்கிலிகள்மேல் இரண்டிரண்டு கண்ணி. அதற்கு மேலும் இரண்டு வரிசை பின்னி முடித்தேன், துளை விளிம்பிலேயே இருந்தால் இழுவையில் வாய் பிளந்துவிடும்.

டிசம்பர் 18

பட்டனுக்கு அம்பாசமுத்திரம். கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் பட்டன் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். சொப்புச் சாமான் கடைகிற ஒரு பட்டறைக்குப் போய், 2 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டன் வேண்டும் என்றேன். குட்டி அம்மியும் உரலும் குடமும் கடைகிற பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டன் கடைந்து நாளாயிற்று என்றார்.

கம்பு சுழல, உளி பட்ட இடத்தில் மரம் சுருள் சுருளாக உதிர்ந்தது. விளிம்பை உருட்டி, நடுவைக் கொஞ்சம் குழித்தார். பிறகு சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்தினார். உராய்கிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொண்டது. தூரிகையும் இல்லை, காயவைக்கிற வேலையும் இல்லை. அதன்மேல் ஓலைத் துண்டை வைத்துப் பிடித்ததும் பளபளப்பு வந்தது. ஒவ்வொன்றாக அறுத்தெடுத்துத் துளை போடும்போது, இரண்டா நான்கா என்று கேட்டார். நான்கு என்றேன்.

வெந்நீரில் போடாதீர்கள், ஸ்பிரிட் படக்கூடாது, அரக்கு போய்விடும் என்று எச்சரித்து அனுப்பினார். நிறம் தவிட்டுச் சிவப்பு. மதினி கேட்ட காப்பிக்கொட்டைக்குக் கிட்டத்தட்ட ஈடு.

டிசம்பர் 22

கிறிஸ்துமஸ் பலகாரம், முந்திரிக்கொத்து. கையெல்லாம் பாகு. நூலைத் தொடவில்லை.

டிசம்பர் 24

பட்டன் தைத்தேன். இவ்வளவு தடித்த துணியில் பட்டனை ஒட்டத் தைத்தால் மாட்டும்போது துணி சுருங்கும். பட்டனுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, மிஞ்சிய தளர்வில் நூலை நான்கு சுற்றுச் சுற்றினால் பட்டனுக்கு ஒரு கழுத்து கிடைக்கும். துணிக்கு உள்பக்கம் சிறிய சட்டைப் பட்டன் ஒன்றையும் வைத்துச் சேர்த்துத் தைத்தேன், இல்லாவிட்டால் பெரிய பட்டன் கண்ணிகளைப் பிய்த்துக்கொண்டு வரும்.

ராத்திரி கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போகும்போதே அண்ணன் போட்டுக்கொண்டான். அங்கே அதற்குத் தேவையே இல்லை, கோயிலுக்குள் மின்விசிறி ஓடியது.

டிசம்பர் 27

அண்ணன் சொன்ன குறைகள்: மேல் பட்டன் மாட்டக் கொஞ்சம் சிரமம், ஏழு மணிக்கு மேல் கழற்றவேண்டியிருக்கிறது. நிறைகளை மதினி சொன்னாள்: பால் ஈரம் பட்ட கையோடு இடது கையால் மட்டுமே கழற்றிவிடுகிறான், சீட்டுக்கு அடியில் சுருட்டி வைக்க இடம் போதும், தொண்டையைச் செருமுகிற சத்தம் காலையில் குறைந்திருக்கிறது. டாக்டர் பட்டை என்று சொசைட்டியில் ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். எங்கே வாங்கியது என்றுதான் கேட்டார்களாம்.

ஜனவரி 6

முதல் துவையல். மதினி பச்சைத் தண்ணீரில் அலசினாள். பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி, பாயில் பரப்பிக் காயவைத்தோம். கொடியில் போட்டிருந்தால் ஈரக் கனத்தில் பருத்தி ஒரு முழம் தொங்கியிருக்கும். இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வரக்கூடாது, அக்ரிலிக் சூட்டில் இளகி வரிகள் செத்துப்போகும்.

காய்ந்தபின் அளந்தால் 53. இரண்டு செ.மீ. நீண்டிருக்கிறது. பட்டன் வைத்ததன் சௌகரியம் இங்கேதான்: மூன்றையும் பிரித்து இரண்டு வரிசை உள்ளே தள்ளித் தைத்தேன், பழைய பிடிமானம் வந்துவிட்டது. தலைவழியாகப் போடுகிற குழாய் மாதிரியாக இருந்தால் மொத்தமாகப் பிரிக்கவேண்டியிருந்திருக்கும்.

சொசைட்டிக்கு வருகிற இரண்டு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நூல் உருண்டை மூன்றும் கழுத்தளவும் கொடுத்தால் பின்னலாம் என்று பதில் சொல்லியாயிற்று. ஒருவர் அளவு உத்தேசமாகப் போதும் என்றாராம். இன்ச் டேப்பை அண்ணனிடமே கொடுத்தனுப்பினேன்.