ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர்

முழங்கை மேசை விளிம்பில் இடித்தால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுமே, அதுதான் அல்னார் நரம்பு. அது அங்கேயே அறுந்தால் என்ன செய்வது என்று இன்று ஒரு மாணவி கேட்டாள்.

தைத்துவிடலாம். ஆனால் நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கையை எட்டுவதற்குள் ஓராண்டு ஓடிவிடும். 12 முதல் 18 மாதங்கள் வரை நரம்பு வந்து சேராத தசை பெரும்பாலும் மீள்வதில்லை.

அதனால் மணிக்கட்டுக்கு அருகிலேயே வேறொரு நரம்பிலிருந்து ஒரு கிளையைக் கடன் வாங்குகிறோம். முன்கையின் நடுவே இறங்கும் மீடியன் நரம்பின் கிளை ஒன்று முன்கை எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வை ஒட்டி இறங்கி, கீழ்முனையில் ஒரு சதுரத் தசைக்குள் முடிகிறது. கையைக் கவிழ்க்க மேலே இன்னொரு தசை இருப்பதால், இந்தக் கிளையை எடுத்தாலும் பெரிய இழப்பில்லை. (உடல் இவ்வளவு தாராளமாக உபரி வைத்திருக்கும் இடங்கள் குறைவு.)

சிக்கல் அதை அல்னார் நரம்போடு இணைக்கும் இடத்தில்தான். அல்னார் நரம்புக்குள் தசையை அசைக்கும் இயக்க இழைக்கட்டு, இருபுறமும் உணர்வு இழைக்கட்டுகள் சூழ நடுவில் கிடக்கிறது. கட்டு மாறினால் விரல் அசையாது. நுண்ணோக்கியின் கீழ் இந்தக் கட்டுகளைப் பிரிக்கும் மெல்லிய பள்ளத்தைத் தேடும்போது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், மூச்சை அடக்கிக்கொண்டுதான் தேடுகிறேன்.